பழத்துக்குப் பக்கத்தில் வைத்த பூ

மகனே,

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அப்பாவிடமிருந்து கனமான உறை ஒன்று வந்தால் அதில் என்ன இருக்கும் என்று எந்த மாப்பிள்ளைக்கும் தெரியும். பெண்டாட்டியிடம் எப்படிப் பேச வேண்டும், மாமனார் வீட்டில் எத்தனை நாள் தங்கலாம், கோபம் வந்தால் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். குன்னத்து ஜாகையில் அதைப் பிரிக்காமலே அலமாரி மேல் போட்டுவிடுவாய். என் அப்பா எனக்கு எழுதிய கடிதத்தை நானும் அப்படித்தான் போட்டேன். பிரித்துப் படித்தபோது உனக்குப் பல் முளைத்திருந்தது. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது புத்திமதிக் கடிதம் இல்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதம். செய்தவன் நான், கெட்டது உன் காரியம். நடுவில் ஒரு கூடை பன்னீர் ரோஜாவும் ஏழு தார் வாழைப்பழமும் இருக்கின்றன. இனிமேல் பாதியில் வைத்துவிட்டுப் போக உனக்கு மனசு வராது என்று நம்புகிறேன்.

போன வாரம் உன் புரபசரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கல்யாணப் பத்திரிகை கிடைத்ததாம், மிகவும் சந்தோஷமாம், கோயம்புத்தூரிலிருந்து பெண் வீட்டுக் குரும்பலூர் வரைக்கும் சிரமம் பார்க்காமல் வரப்போகிறாராம். கடிதத்தைத் தமிழில் எழுதியிருந்தார். இந்த அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்று தீர்மானித்துவிட்டார் போலும். நான் இங்கிலீஷில் பதில் எழுதினேன். அதில் இரண்டு சொற்கள் அவர் அகராதியைப் புரட்ட வேண்டியவை. அது கிடக்கட்டும். கடிதத்தின் கடைசியில் ஒரு பாரா இருந்தது. உனக்குப் பிறகு அந்த வேலையை எடுத்துச் செய்த பையனுக்கு, பூ உதிராமல் காக்கும் அந்த மருந்து நன்றாக வேலை செய்ததாம். கோயம்புத்தூரில் பூ நிற்கிறது, அரியலூரில் மட்டும் ஏன் உதிர்ந்தது என்பது அவர் மனசில் முள்ளாக இருக்கிறதாம். முகூர்த்தம் முடிந்ததும் என்னையும் உன்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அன்று என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்க ஆசையாம். அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். இடம் காலியாக இருக்கிறது. ஆடி மாதம் வரைக்கும் யாரையும் எடுக்கமாட்டேன் என்றும் எழுதியிருந்தார். உன்னை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

மனசாட்சி உறுத்தியதால் எழுதுகிறேன் என்று சொன்னால் படிக்க நன்றாக இருக்கும். மூன்று வருஷமாக அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அதோடு நான் சௌகரியமாகக் குடித்தனம் நடத்தினேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. பந்தியில் உட்கார்ந்து அவர் நாலு கேள்வி கேட்பார். அவருக்கு விஷயம் விளங்கிவிடும். அதை உனக்கு அவர் சொல்லுவார். உனக்கு உலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இந்த ஒன்றையாவது நான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்வதில்கூட அப்பனுக்குப் பொறாமையா என்று கேட்காதே. ஆமாம்.

அது எப்போது ஆரம்பித்தது என்பதைக்கூட என்னால் காட்ட முடியும். நீ காலேஜில் சேர்ந்த முதல் வருஷம் எழுதிய கடிதங்களில் ஹாஸ்டல் சாம்பார், மூட்டைப்பூச்சி, நம் வீட்டு மாடு கன்று போட்டதா என்ற விசாரணை எல்லாம் இருந்தன. இரண்டாம் வருஷம் ‘புரபசர் சொன்னார்’ என்று ஒரு வரி வந்தது. மூன்றாம் வருஷம் பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்தில் அது பதினோரு இடத்தில் வந்தது. பார்சல் கணக்குக்கு வைத்திருக்கும் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடியில் கோடு போட்டேன். உன் அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“என்னாங்க, புள்ளையோட லெட்டருக்கு மார்க் போடுறீங்களா?”

“இவன் யாரோட புள்ளன்னு எண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

“எம் புள்ளைதான். அதுல ஒங்களுக்கு என்னா சந்தேகம்?” என்று அவள் அரிசிக்குத் திரும்பினாள். என் பங்கு எவ்வளவு என்று அவளும் சொல்லவில்லை.

உலகம் எனக்குக் கொடுத்திருந்த ஒரே பெருமை பூவில் இருந்தது. இதை நீ அறிவாய். ஆனால் எவ்வளவு என்று அறியமாட்டாய். இருபத்தேழு வருஷம் அரியலூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். நெல் மூட்டை, நெய் டின், மேளக்காரர்களின் தவில், ஒரு தடவை ஒரு ஜமீனுடைய மயில் என்று எல்லாம் என் கையைத் தாண்டித்தான் ரயில் ஏறின. இவற்றில் எதுவும் குமாஸ்தாவின் திறமையைக் கேட்பதில்லை. பூக்கூடை மட்டும் கேட்கும். பெரம்பலூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தோட்டங்களிலிருந்து ரோஜாவும் சம்பங்கியும் பஸ் கூரையில் வந்து இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். அதை வாழைப்பட்டையில் சுற்றி, உள்ளே ஈரத்துணி கொடுத்து, காற்றுப்படும் மூலையில் வைத்து, பட்டணம் போய்ச் சேரும்வரை முகம் வாடாமல் அனுப்ப ஒருத்தனுக்குத்தான் தெரியும் என்று மூன்று தாலுகாவில் பேச்சு. ‘பூக் குமாஸ்தா’ என்று எனக்குப் பெயரே உண்டு. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பன்னிரண்டு பன்னீர் ரோஜாச் செடி வைத்து வளர்த்ததும் அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். என் அனுபவம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வதில் பாதிக்கு மேல் போர்ட்டர் சின்னப்பனுடையது. ஏலாக்குறிச்சிக்காரன், எழுத்து வாசனை இல்லாதவன், நான் வேலையில் சேர்ந்த முதல் மாதமே எனக்கு ஒரு விஷயம் சொன்னான். கொள்ளிடக்கரையிலிருந்து பழுத்த வாழைத்தார் வந்து இறங்கினால் ரோஜாக் கூடையை அந்த அறையில் வைக்கக் கூடாது என்றான். “பழம் மூச்சு வுடும் சார். அந்த மூச்சு பட்டா ரோசா உதுந்துடும்” என்றான். நான் படித்தவன் ஆகையால் சிரித்தேன். பிறகு இரண்டு கூடை உதிர்ந்த பின் நம்பினேன். அதற்குப் பிறகு அதை என் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன். இந்தக் கதையில் பழம் எங்கே வரப்போகிறது என்று நீ இப்போதே ஊகித்திருப்பாய். கொஞ்சம் பொறு. நான் வரிசையாகச் சொல்லத்தான் வேண்டும். தாவினால் ஏதாவது ஓர் இடத்தில் நழுவிவிடுவேன்.

யுத்தம் முடிந்த கையோடு நீ படிப்பு முடித்து, புரபசரிடமே உதவிக்கு இருந்து, லீவுக்கு வந்தாய். டிரங்குப் பெட்டிக்குள் டின், டின்னுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு பழுப்பு நிறச் சீசா. அதற்குள் உப்பு மாதிரி வெள்ளைத்தூள், ஒரு சிட்டிகை. செடிக்குள்ளேயே ஊறும் ஒரு சத்து உண்டு. இலை எப்போது காம்பை விட வேண்டும், பூ எப்போது இதழை விட வேண்டும் என்பதெல்லாம் அதன் உத்தரவு. அந்தச் சத்தை மனிதர்கள் இப்போது சீமையில் செய்கிறார்கள். காய் உதிராமல் இருக்க மரத்துக்கு அடிக்கிறார்கள். பறித்த பூவுக்கு அடித்தால் என்ன ஆகும் என்று யாரும் நம் ஊரில் பார்த்ததில்லை. இதையெல்லாம் நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். “புரபசர் சொல்றாருப்பா, பூ உதுர்றதுங்கிறது சாவு இல்லையாம். அது ஒரு முடிவாம். செடியே எடுக்குற முடிவாம்” என்றாய். அழகான வாக்கியம். நான் சொல்லியிருக்க வேண்டியது. ரசம் போடச் சொன்னேன்.

மறுநாள் என் செடிகளிலிருந்து பன்னிரண்டு பூ பறித்தாய். நாலு பூ சும்மா தண்ணீர் டம்ளரில். நாலு பூ என் முறைப்படி வாழைப்பட்டையும் ஈரத்துணியும். நாலு பூவுக்கு மருந்து. குன்றிமணி எடைகூட இல்லாத தூளைச் சாராயத்துளியில் கரைத்து, ஒரு குடம் தண்ணீரில் கலந்து, கொசுவுக்கு அடிக்கும் பம்பைக் கழுவி அதால் மெல்லத் தெளித்தாய். என்னையும் பந்தயத்தில் நிறுத்துகிறாய் என்பது உனக்குத் தோன்றவே இல்லை. “ஒங்க மொறையும் இருந்தாத்தானேப்பா சரியா ஒப்பிட முடியும்” என்றாய் மரியாதையாக. முதல் நாலு மறுநாளே கொட்டின. என் நாலு இரண்டாம் நாள் சாயங்காலம் கொட்டின. உன் நாலும் மூன்றாம் நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் வந்து பார்த்துவிட்டு, “ஒங்க பையன் பூவுக்கு உசுரு குடுத்துட்டானே” என்றாள். உயிர் கொடுத்த பையனுக்கு யார் உயிர் கொடுத்தது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.

இதையெல்லாம் நான் தாங்கியிருப்பேன். தாங்க முடியாமல் போனது வேறொன்று. உன் நாலு பூவில் ஒன்றை உன் அம்மா அன்று காலை தலையில் வைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷமாக நான் அவளுக்கு ரோஜா கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன். பன்னீர் ரோஜா சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். அவள் புடவைத் தோளிலும் சமையல்கட்டு வாசலிலும் இதழ் கிடக்கும். நான் பார்த்துக்கொண்டே போவேன். அது எங்களுக்குள் ஒரு பேச்சு மாதிரி. அன்று இரவு சாப்பாடு ஆகிக் கை கழுவும்போது அவள் திரும்பி நின்று கொண்டையைக் காட்டினாள். “காலைலேந்து வேல செஞ்சிருக்கேன், ஒரு இதழு வுழுவல பாருங்க. இத்தன வருசத்துல இப்பத்தான் ஒரு பூவு ஒழுங்கா நின்னிருக்கு.” அவள் குத்திக்காட்டவில்லை. சந்தோஷத்தில் சொன்னாள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

அடுத்தது பெரிய சோதனை. புரபசருக்கு எழுதி அனுப்ப வேண்டிய சோதனை. முப்பது பூ, எல்லாவற்றுக்கும் மருந்து தெளித்து, கூடையில் அடுக்கி, பட்டணம் போகும் பூ எத்தனை நேரம் கூடையில் கிடக்குமோ அத்தனை நேரம் வைத்துப் பார்ப்பது. கூடையைக் கட்டி முடித்த வேளையில் உன் மாமா ஆள் அனுப்பினார். பெரம்பலூரில் அவருக்கு வயிற்று வலி, உடனே வா என்றார். நீ கரிப்புகையில் ஓடும் பஸ்ஸுக்குக் கிளம்பினாய். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து கூடையை என் கையில் கொடுத்தாய். “அப்பா, நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துடுவேன். கூடைய நல்ல எடத்துல வச்சுப் பாத்துக்குங்க. பூவ ஒங்க கைல குடுத்துட்டா எனக்குக் கவல இல்ல” என்றாய். அந்த வாக்கியத்தில் ‘புரபசர்’ இல்லை. நான் மூன்று வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் அது. அதைக் கேட்ட பிறகும் நான் செய்ததைச் செய்தேன்.

கூடையைத் தூக்கிக்கொண்டு பார்சல் ஆபீஸுக்குப் போனேன். வீட்டைவிட அங்கே குளிர்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது உண்மைகூட. உள் அறையில் அன்று விழுப்புரம் போக வேண்டிய ஏழு தார் பூவன் பழம் கிடந்தது. வண்டி தவறிவிட்டதால் மறுநாள் வரை அங்கேதான் இருக்கும். அறை முழுவதும் வாசனை. நான் கூடையைத் தார்களுக்கு நடுவே வைத்தேன். தற்செயலாக அங்கே இடம் இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இடம் இல்லை. ஒரு தாரை நகர்த்தி இடம் செய்தேன்.

சின்னப்பன் வாசலில் நின்றிருந்தான்.

“சார், பழம் கெடக்குது சார். ரோசாவப் போயி இங்க வைக்கிறீங்களே?”

“இது மருந்து அடிச்ச பூ. ஒண்ணும் ஆவாது.”

“மருந்து பூவுக்குத்தானே சார் அடிச்சிருக்கு. பழத்துக்கு அது தெரியுமா?”

“ஒன் வேலையப் பாருய்யா” என்றேன். இருபது சொச்சம் வருஷத்தில் அவனிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவன் போய்விட்டான். கதவைச் சாத்தினேன். காற்றுக்காக எப்போதும் திறந்து வைக்கும் ஜன்னலையும் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தியதை மறைத்துவிடலாம் என்று இந்தப் பக்கத்தை எழுதும் வரைக்கும் நினைத்திருந்தேன்.

உனக்கு என்ன கெடுதல் நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பேன். நீ முன்னுக்கு வர வேண்டும் என்றுதான் எப்போதும் நினைத்தேன். என்னைத் தாண்டிப் போகிற ஒரு வழியில் வேண்டாம் என்று மட்டும் நினைத்தேன். பூ உதிரட்டும், நீ திகைத்து நில், ‘அப்பா, இது ஏன்?’ என்று கேள், நான் நிதானமாகப் பழத்தின் விஷயத்தைச் சொல்லுவேன், ‘புரபசருக்குக்கூடத் தெரியாதேப்பா’ என்பாய். இவ்வளவுதான் என் திட்டம். இதில் ஒரு பழுது இருந்தது. திட்டம் போட்டவன் கோழை.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தாய். கூடையை முன்னமே வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருந்தேன். மூடியைத் திறந்தாய். மேலே முப்பது மொட்டைக் காம்பு, அடியில் இதழ் மெத்தை. நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். குனிந்து ஒவ்வொரு இதழாக எடுத்து, அடிப்பக்கம் வாடியிருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்த்தாய். “வாடக்கூட இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு. ஆனா வுட்டுடுச்சு” என்றாய். என்னிடம் நீ ‘ஏன்’ என்று கேட்கவில்லை. நோட்டை எடுத்து, நடந்ததை நடந்தபடியே எழுதினாய். நான் சொல்லலாமா வேண்டாமா என்று பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மை காய்ந்தது.

பத்து நாளில் புரபசரிடமிருந்து உனக்கு ஒரு கார்டு வந்தது. ஒரே கேள்வி. கூடைக்குப் பக்கத்தில் பழுத்த பழம் ஏதாவது இருந்ததா? பழுக்கும் பழத்திலிருந்து ஒரு வாயு வருகிறது, அது பூவை உதிர்க்கும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். ஆக, என் ஒரே ரகசியமும் அவர் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டாய்.

“அப்பா, கூடைய வச்ச எடத்துல பழம் ஏதும் இருந்துச்சா?”

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். “பழமா? இங்க ஏது பழம்?” என்றேன்.

“நல்லா நெனச்சுப் பாருங்கப்பா.”

“எனக்கா பூவ வைக்கத் தெரியாது?” என்றேன். குரலில் கொஞ்சம் வருத்தமும் சேர்த்துக்கொண்டேன். நீ பயந்துபோய், “அதுக்குச் சொல்லலப்பா” என்று மன்னிப்புக் கேட்டாய். இதில் எதை மறந்தாலும் நீ மன்னிப்புக் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. பழம் இல்லை என்று பதில் எழுதினாய். ‘என் அப்பாவே கூடையைப் பார்த்துக்கொண்டார், ஆகையால் அதில் சந்தேகம் வேண்டாம்’ என்றும் சேர்த்து எழுதினாய். தபாலில் போட என்னிடமே கொடுத்தாய். போட்டேன்.

நம் வெயிலுக்கு இந்த மருந்து சரிப்படாது என்று நீ முடிவு செய்தாய். தப்பான சாட்சியை வைத்துக்கொண்டு சரியாக யோசித்த முடிவு. உன் வேலை வேறு பையனுக்குப் போனது. நீ விவசாய இலாகாவில் டிமான்ஸ்ட்ரேட்டராகக் குன்னத்துக்கு வந்தாய். கரிசல் காட்டில் பருத்திக்காரர்களுக்கு விதை பற்றிச் சொல்கிறாய். அவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் வழியில் விதைக்கிறார்கள். ஊரில் எல்லோரிடமும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘கோயம்புத்தூர் என்னா கோயம்புத்தூர், புள்ள பக்கத்துலயே வந்துட்டான், ஒரு பஸ்ஸுதான்.’ சனிக்கிழமை தோறும் நீ வந்து இறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது நிஜமான சந்தோஷம். திருடிய பாத்திரத்திலும் சாப்பாடு ருசிக்கத்தான் செய்கிறது.

ஒன்று மட்டும் நின்றுபோனது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒரு பழம் வேண்டும், உனக்குத் தெரியும். நீ அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து பழம் தொண்டையில் இறங்குவதில்லை. உன் அம்மா முதலில் வைத்தியரைக் கேட்டாள், பிறகு என்னைக் கேட்டாள். “மூணு வருசமா ராத்திரிப் பழம் வேணாங்கிறீங்களே, எந்தச் சாமிக்கு விரதம்?” சென்ற வாரம் புரபசரின் கடிதம் வந்த அன்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “அவன் ஒங்கள நம்பித்தானே குடுத்துட்டுப் போனான்” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும், காலை இட்லிக்குக்கூட, என் இலை ஓரத்தில் ஒரு பூவன் பழத்தை வைத்துவிட்டுப் போகிறாள்.

நீ விட்டுப்போன சீசா பஞ்சாங்கத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது. உன் நோட்டும் இருந்தது. உன் எழுத்தில் உள்ளபடியே கரைத்தேன். உனக்கு இருந்த கை எனக்கு இல்லை. முதல் தடவை கெட்டியாகிப் பூ கருகியது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. மருந்து அடித்த பத்துப் பூவைக் காற்றோட்டமான பின்கட்டில் வைத்தேன். மருந்து அடித்த இன்னொரு பத்தை மூடிய அறையில் பழத்தோடு வைத்தேன். சின்னப்பனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுச் சாட்சியாக இருக்கச் சொன்னேன். “அன்னிக்கே சொன்னேனே சார்” என்றான். சொல்ல உரிமை உள்ளவன். பழத்தோடு இருந்தவை ஒரு ராத்திரியில் கொட்டிவிட்டன. மற்றவை எப்படி என்று கடைசியில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் உன் நோட்டிலேயே, உன் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், வேளை போட்டு எழுதியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கத்தின் கீழே, கூடை எங்கே இருந்தது, எத்தனை தார், ஜன்னல் எப்படி இருந்தது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நோட்டு இந்த உறையிலேயே இருக்கிறது. உறை கனத்ததற்குக் காரணம் அதுதான்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. கல்யாண மாலை என் ரோஜாவில்தான் என்று நான் உன் மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் நாளே கட்டிக் குரும்பலூருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாக் கல்யாண வீட்டிலும் நடப்பதுதான். பூட்டு இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது என்று மாலையைக் கொண்டுபோய்ச் சாமான் வைக்கும் உக்கிராண அறையில் வைப்பார்கள். தாம்பூலத்துக்கும் பந்திக்கும் வாங்கிய அத்தனை வாழைத்தாரும் அந்த அறையில்தான் தொங்கும். காலையில் மாலை மாற்றும்போது இதழ் கொட்டும். கிழவிகள் சகுனம் பார்ப்பார்கள். அந்தப் பெண் ஒரு பாவமும் செய்யாமல் ஆயுசுக்கும் பேச்சு வாங்குவாள். எத்தனை பெண்கள் இப்படி வாங்கியிருப்பார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஆகையால் மாலையை மாடியில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்க உன் மாமனாருக்கு நீயே எழுது. ஏன் என்று கேட்டால் சின்னப்பன் சொன்னதாக எழுது. மருந்தும் நீயே கரைத்து அடி. கல்யாணத்துக்குச் சின்னப்பனும் வருகிறான். அவனைப் புரபசருக்குப் பக்கத்தில் உட்கார வை. இரண்டு பேருக்கும் பேச விஷயம் இருக்கும்.

ஆடிக்குள் கோயம்புத்தூர் போய்விடு. ‘அப்பாவை விட்டுவிட்டு எப்படி’ என்று இழுக்காதே. நான் உண்மையைச் சொல்லாமலே உன்னைப் பக்கத்தில் வைத்திருந்த மூன்று வருஷம் எனக்குப் போதும். அங்கே போய் மறுபடியும் ‘புரபசர் சொன்னார்’ என்று எழுது. சிவப்புப் பென்சிலை எடுக்கமாட்டேன் என்று வாக்குத் தரமாட்டேன். உனக்கும் ஒரு பிள்ளை பிறப்பான். அவனும் ஒருநாள் வேறு யாரோ சொன்னதை உன் இலைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லுவான். அப்போது உனக்கு வயிறு எரியும். எரியட்டும். அதை அவனிடமே வாய்விட்டுச் சொல்லிவிடு. ‘தம்பி, எனக்குப் பொறாமையாய் இருக்குடா’ என்று நான் சொல்லியிருந்தால் அன்று நீ சிரித்திருப்பாய். உன் அம்மாவும் சிரித்திருப்பாள். கூடை வீட்டிலேயே இருந்திருக்கும். மன்னிப்பாயா என்று கேட்கமாட்டேன். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை நீ ஏற்கெனவே ஒரு தடவை என்னிடம் கேட்டுவிட்டாய். அதைத் திருப்பித் தருகிறேன், அவ்வளவே.

பின்கட்டில் வைத்த பத்துப் பூவைச் சொல்ல வேண்டும். இன்று ஐந்தாம் நாள். நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. உன் அம்மா வந்து பார்த்தாள். ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பேசாமலே போனாள். மிச்சம் ஒன்பதும் என் மேஜைமேல் இருக்கின்றன. இவ்வளவு எழுதிய பிறகும், மகனே, உள்ளே ஏதோ ஒன்று, ஒரு இதழாவது விழாதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. சற்று முன் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு பூவைக் காம்போடு பிடித்து உலுக்கியும் பார்த்தேன்.

விழவில்லை.

உன் அப்பா